புதன்கிழமைப் புட்டி

நாற்பத்தோரு வருடம் கூரைமேல் வேலை பார்த்தவர்
கங்கோல்ஃப்.
கற்பலகை ஓடு பொருத்துகிறவர்,
வாயில் எந்நேரமும் நாலு ஆணி.
அதனால்தானோ என்னவோ
ஓய்வு என்று வந்ததும்
மண்ணுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு படி.
ஆறாவதில் தலை குனிய வேண்டும்.
குனிய மறந்த விருந்தாளிகள்
நெற்றியைத் தேய்த்தபடிதான்
முதல் மிடறு குடித்திருக்கிறார்கள்.

நிலவறையில் கோடையும் பன்னிரண்டு டிகிரி,
பனிக்காலமும் அதேதான்.
ஈரக்கல்லும் ஆப்பிளும் கலந்த வாசனை.
அறுநூற்றுச் சொச்சம் புட்டிகள்
கால் நீட்டிப் படுத்திருக்கும்.
ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி:
எந்தச் சரிவு, எந்த வருடம்,
எப்போது திறக்கலாம்.
எங்கள் கல்யாண நாளைக் குறித்துவைக்காத மனிதர்
ரீஸ்லிங்குக்கு நாள் குறித்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
எனக்குப் பிடித்தது புதினாத் தேநீர்.
அதற்கடுத்து, வெயில் நாளில்
சோடா கலந்த ஆப்பிள் சாறு.
ஒயின் மூன்றாவதாகத்தான் வரும்.
ஆனால் அதை எடுத்துவரக் கீழே போகிறாரே,
அது பிடிக்கும்.
படியில் தேயும் செருப்பு,
விளக்குக் கயிற்றின் சொடுக்கு,
பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இராது.
எதை எடுப்பது என்று நின்றுகொண்டிருக்கிறார்.
மேசையில் உருளைக்கிழங்கு ஆறும்.
ஆறட்டும் என்றிருப்பேன்.

மூலையில் ஒன்று மட்டும் தனி.
எங்கள் மரைக்கே பிறந்த வருடத்துத் தேறல்.
அவள் கல்யாணத்துக்கென்று வைத்தது.
மரைக்கே ஹாம்பர்கில் கிரேன் ஓட்டுகிறாள்,
முப்பத்தெட்டு வயது.
கல்யாணப் பேச்சை எடுத்தால்
துறைமுகத்தில் காற்று எத்தனை வேகம் என்று சொல்வாள்.

ஜனவரியில் ஆறு வந்தது.
மோசெல் எங்களுக்குப் புதிதல்ல;
வாசல் தூணில் வெள்ளம் ஏறிய உயரங்களுக்கு
வருடம் போட்டுக் கோடு கிழித்திருக்கிறது.
இந்த முறை எந்தக் கோட்டையும் தொடவில்லை.
நிலவறையை மட்டும் நிறைத்து
நான்கு நாள் தங்கி
சேற்றையும் யாருடையதோ ஒற்றை ரப்பர் காலணியையும்
விட்டுப் போனது.

புட்டிகள் பிழைத்தன.
பெயர்கள் பிழைக்கவில்லை.
பசை விட்டு மிதந்த காகிதங்கள்
நீர் இறங்க இறங்க
அகப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டன,
சுவரில், குழாயில், கூரையின் வளைவில்.
என் வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஒன்று
ஒரே இரவில் உயர்ஜாதி ரீஸ்லிங் ஆகிவிட்டது.
நோட்டு, பிசைந்த மாவு.

தக்கையில் முத்திரை இருக்குமே, என்றார்
பக்கத்து வீட்டு ஆல்வின்.
பீர் மட்டுமே குடிக்கிறவர்.
இருக்கும். திறந்த பிறகு.

மூன்று வாரம் கங்கோல்ஃப் கீழே போகவில்லை.
நான்காவது வாரம் நான் போனேன்.
கண்ணை மூடிக் கை நீட்டினேன்,
கையில் வந்ததைக் கொண்டுவந்தேன்.
முதலாவது காடியாகிவிட்டிருந்தது,
கீரையில் ஊற்றினோம்.
இரண்டாவது சுமார்.
மூன்றாவதை ஒரு வாய் குடித்துவிட்டு
'தெற்குச் சரிவு' என்றார்.
'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்றேன்,
எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா எதிர்த்துப் பேச.
அன்று நெடுநேரம் சிரித்தோம்.
வெள்ளத்துக்கு முன்னால் இந்த மேசையில்
விடைகள் மட்டும்தான் இருந்தன.

போன புதன்கிழமை.
உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ்.
நான் எடுத்துவந்த புட்டியிலிருந்து
சாய்வெயில் நிறத்தில் இறங்கியது.
முதலில் லேசாக மண்ணெண்ணெய் வாசம்,
அப்புறம் தேன்,
அப்புறம், எப்படிச் சொல்ல,
முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும்
நாவில் நடந்துகொண்டே இருந்தது.
கங்கோல்ஃப் கோப்பையைக் கீழே வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
நான் அடையைத் திருப்பிப் போட்டேன்.

தக்கையைப் பார்க்காமலே
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
துவைக்கும்போது எடுத்துப் பார்த்தாயா
என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும்
மரைக்கேவுக்குப் போன் போட்டார்.
எப்போது வருகிறாய் என்றில்லை,
யாரையாவது பார்த்தாயா என்றில்லை.
'அங்கே காற்று எப்படி?' என்றார்.
அவள் சொல்லச் சொல்ல
மீதிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.