இருநூற்று ஒன்பது ஓம்

புதுவயலில் ஒரு வீட்டில்
குளியலறைத் தரையைச் சூடாக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்
என்றதும் டீக்கடை முழுக்கச் சிரித்தது.
சித்திரை வந்தால் சும்மாவே சுடுமே,
அந்தக் காசை எங்கிட்டக் குடுத்திருக்கலாமே என்றான்
மில்லில் நெல் அவிக்கிற சின்னக்காளை.
நானும் சிரித்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்துக்கு ஆறு அடி அறை.
கோப்பை போக, வாளி வைக்கிற மூலை போக
மிச்சம் ஒன்று புள்ளி ஏழு சதுர மீட்டர்.
சூடு மண்ணுக்குள் இறங்கிவிடாமல் அடியில் அட்டை ஒட்டி
மேலே பாயை விரித்தேன்.
வலையின்மீது ஆரஞ்சு வயர்
தப்பான விடையைப் பையன்கள் அடித்துக் கிறுக்குவது போல
போய்ப் போய்த் திரும்பியது.
வலையை வெட்டலாம், வயரை வெட்டக் கூடாது.
சுவர் வந்த இடத்தில் வலையை மட்டும் கத்தரித்து
மினிபஸ் சந்தில் திரும்புகிற மாதிரி
பின்னால் போய், முன்னால் வந்து
ஒருவழியாகத் திருப்பினேன்.

உமையாள் டீச்சர் கதவோரம் நின்று கணக்குப் போட்டார்.
இருநூற்று முப்பதை அதாலேயே பெருக்கி
இருநூற்று ஐம்பத்தஞ்சு வாட்டால வகுத்தா
இருநூற்று ஏழு வரணும், பாருங்க.
மீட்டரை வைத்தேன்.
இருநூற்று ஒன்பது.
'ரெண்டு மார்க் கூடப் போட்டிருக்கான் கம்பெனிக்காரன்.'

எதுக்கு டீச்சர் இது,
காஷ்மீர்லேருந்து சம்பந்தம் வருதா என்றேன்.
தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.
மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
டம்ளரைப் பிடித்த கையில் கம்பளி உறை.

மதுரைல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மருந்து ஏத்துறாங்க.
ஏத்தின அஞ்சாறு நாளைக்கு
சில்லுன்னு எதைத் தொட்டாலும் ஊசி.
காலை வச்சா தரை பூரா கண்ணாடிச் சில்லு.
வகுத்தல் சொன்ன அதே குரலில்தான்
இதையும் சொன்னார்.
நான் தண்ணீரைக் குடித்தேன்.
குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

கல் பதிக்க வந்த பெரியகருப்பனின் கரண்டிக்குப் பல் உண்டு.
ஒரு பல் பட்டால் போதும், பாய் செத்தது.
அதனால் மீட்டரைக் கழற்றவில்லை.
ஒவ்வொரு கல்லுக்கும் அவர் 'பாரு' என்பார்,
நான் 'ஒன்பது' என்பேன்.
பாரு.
ஒன்பது.
பாரு.
ஒன்பது.
மூன்றாம் வரிசை, இரண்டாம் கல்லில்
எண் ஆடி, ஏறி, இல்லாமலே போனது.
கரண்டி அந்தரத்தில் நின்றது.
டீச்சர் கம்பளிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
குனிந்து பார்த்தால்
கிளிப் நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.
பெரியகருப்பன் என் பரம்பரையையே திட்டினார்.
நன்றாகத் திட்டினார்.

பசை காய ஏழு நாள்,
கார்த்திகை மழைக்குப் பத்தென்று வையுங்கள்,
அதுவரை சுவிட்சைத் தொடக் கூடாது என்றேன்.
ஆறாம் நாள் எனக்கு மதுரை என்றார்.
மெல்லச் சூடு வச்சுக் காயவைக்க முடியாதா?
முடியாது டீச்சர், கல் தூக்கிடும்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்து
சரி, இந்தத் தடவை செருப்போட குளிச்சுக்கிறேன் என்றார்.
முடியும் என்று பொய் சொல்லியிருக்கலாமோ என்று
ராங்கியம் தாண்டும்வரை வண்டியில் யோசித்தேன்.

பத்தாம் நாள் போனேன்.
கசிவு பிரேக்கரை அழுத்திப் பார்த்தேன், டப்பென்று விழுந்தது.
தூக்கிவிட்டு, இருபத்தெட்டு வைத்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
அதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.
வயர் தெரியவில்லை, சத்தமில்லை,
நான் செய்த வேலைக்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்து
இரண்டு சாக்ஸையும் கழற்றி வாசலில் போட்டுவிட்டு
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
தண்ணீர் விழும் என்று பார்த்தேன்.
விழவில்லை.
குழாய் திறக்கவில்லை, வாளி நகரவில்லை.
சும்மா நின்றுகொண்டிருந்திருப்பார் போல.
மில்லில் சங்கு ஊதியது.
அப்போதுதான் ஞாபகம் வந்தது
என் டெஸ்டர் உள்ளே ஜன்னல் விளிம்பில்.
கதவைத் தட்டக் கை போனது.
திரும்பி வந்துவிட்டது.

டீக்கடையில் சின்னக்காளை கேட்டான்:
என்னப்பா, தரை சுடுதா?
சுடலை என்றேன்.

டெஸ்டரை இன்னும் போய் வாங்கவில்லை.