பாதிக் கிளாஸ்

ஊத்தான் மெலிந்தாங் சந்தை முக்கில்
என் ஒட்டுக்கடை.
முதல் செம்பனை லாரி குலுங்கிப் போகும்போது
சுக்கு கொதித்திருக்கும்.

இரவு ஷிப்ட் முடிந்த மில் பையன்கள்
தொண்டைக் கமறலோடு வந்து நிற்பார்கள்.
மிளகைத் தட்டிப் போட்டு நீட்டுவேன்,
மூக்கு திறந்துகொள்ளும். அது உண்மை.
மசக்கையில் துவண்ட கிளார்க் சுபத்ரைக்கு
இஞ்சி போட்ட வெந்நீர் மட்டும்தான்
வயிற்றில் தங்கியது. அதுவும் உண்மை.
"பட்டை சீனிக்கு நல்லதாமே அக்கா" என்று
மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த தவசியை
கிளினிக்குக்கு விரட்டியிருக்கிறேன்.
அவ்வளவு தெரிந்தவள்தான்.

ஆனாலும் அந்த வியாழக்கிழமை
குலை வெட்டும் ஏகாம்பரம்
நெஞ்சைத் தேய்த்தபடி உட்கார்ந்து
"வாயு" என்றார்.
பக்கத்து மேசை ரொஸ்லான்
"ஆங்கின்" என்றார்.
இரண்டு மொழியிலும் காற்றுதான்.
நானும் ஒத்து ஊதினேன்:
ஓமத்தை வறுத்து,
பெருங்காயம் ஒரு சிட்டிகை,
கொதிக்கக் கொதிக்க.

பாதி குடித்தார்.
"இறங்குது" என்றார்.
இறங்கியது வியர்வை.
இடது கை
யாரோ மறந்து வைத்துப் போன சாமான் போல
மேசையில் கிடந்தது.
அப்போதுதான் அடுப்பை அணைத்தேன்.

ரொஸ்லான் காரில் தெலுக் இந்தான்.
எல்லாச் சிவப்பு விளக்கும் எங்களுக்கென்றே எரிந்தது.
"எப்போது ஆரம்பித்தது?"
டாக்டர் பெண் கேட்டாள்.
கடிகாரம் பார்க்கவில்லை நான்.
ஓமம் பொரிய, தண்ணீர் கொதிக்க,
வடிகட்ட, ஆற்ற,
அவர் ஊதி ஊதிக் குடிக்க...
கூட்டிச் சொன்னேன்: வழியோடு சேர்த்து ஒரு மணி நேரம்.
எழுதிக்கொண்டாள்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

பிழைத்தார்.
இப்போது வெட்டுக்குப் போவதில்லை,
எடை மேடையில் சீட்டு எழுதுகிறார்.
சட்டைப் பையில் நாக்கடி மாத்திரை.

நேற்று வந்து
கல்லாவைப் பார்த்தபடி கேட்டார்:
"ஓமத் தண்ணி இருக்கா?"

இருக்கிறது.
இரண்டு வெள்ளிக்கு
அதனால் என்ன முடியுமோ
அதைச் செய்யும்.

எங்கே வலி, கை கனக்கிறதா, வேர்க்கிறதா,
படி ஏறினால் கூடுகிறதா,
காலையில் என்ன சாப்பிட்டீர்கள்...
"நேத்து ராத்திரி பருப்பு, மொச்சை. நீ என்ன மிஸ்ஸியா?"
என்று சிரித்த பிறகுதான்
அடுப்பைப் பற்றவைத்தேன்.

முழுக் கிளாஸையும் குடித்து
கடை அதிர ஓர் ஏப்பம் விட்டார்.

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்
ரொஸ்லான் சொன்னார்:
"ஆங்கின்."