நான்காம் கட்டம்

கல்யாண மண்டபம். மேடையில்
நேற்றைய வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகள்
பாதி பிய்ந்து நிற்கின்றன:
'ணிகண்டன் வெட்ஸ்'.
அதன்கீழ் மூன்று அதிகாரிகள், ஒரு வரைபடம்,
தூசு படிந்த பிளாஸ்டிக் பூங்கொத்து.

நான் ஓரத்தில், மடிக்கணினியோடு.
தினக்கூலி எண்ணூறு, மதியச் சாப்பாடு உண்டு.
பேசுகிறவர் சொல்வதைக் கட்டங்களில் ஏற்றவேண்டும்.
முதல் கட்டம் எண். இரண்டாவது பெயர்.
மூன்றாவது கருத்து.
நான்காவது, திட்டத் தரப்பின் பதில்.
நான்காவதை நேற்றே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தமிழில் பதினெட்டு.
அந்தப் பதினெட்டில் சதுப்புக்குப் பெயர்
'பயன்பாடற்ற தாழ்நிலம்'.
சாலைகள் ஒன்றையொன்று தொடாமல்
சுற்றிச் சுற்றி இறங்கப்போகும் இடத்துக்கு
'நான்கிலைச் சந்திப்பு'.
தட்டும்போது எனக்கு ஆரைக்கீரைதான் ஞாபகம் வந்தது.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணி அடிக்க ஒரு பையன்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கன்னபிரான், ஆதரவு.
சிக்னலில் ஆம்புலன்ஸ் நின்றதைச் சொன்னார்.
உள்ளே இருந்தது தன் தம்பி என்பதை
மணி அடித்த பிறகு சொன்னார்.
அது கட்டத்தில் ஏறவில்லை.

தண்ணீர் லாரி எத்திராஜ்:
'ரோடு வேணும் சார்.
லாரிக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுக்கறேன்னு மட்டும்
கேக்காதீங்க.'
மண்டபம் சிரித்தது. ஆதரவு என்று போட்டேன்.

கல்லூரிப் பெண் ஃபர்ஹத்
ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறிலிருந்து ஏழரைக்குள்,
நூற்றுப் பதினான்கு நீலத்தாழைக்கோழிகளை எண்ணியிருக்கிறாள்.
ஆதாரம் கேட்டார்கள். நோட்டைக் கொடுத்தாள்.
புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்கள்,
'புகைப்படம் இணைக்கப்படவில்லை' என்று
என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே.

எண் இருபத்தேழு, தேசம்மாள்.
அந்தத் தாழ்நிலத்தில் முழங்கால்வரை இறங்கி
ஆரைக்கீரை பறித்து, கட்டு பத்து ரூபாய்க்கு விற்கிறவள்.
மைக்கை வாயில் இடித்துக்கொண்டாள்.
'நாலு பக்கமும் வண்டி திரும்ப வழி வெச்சிருக்கே.
தண்ணி எந்தப் பக்கமா திரும்பும்?'
அவ்வளவுதான். இரண்டே முக்கால் நிமிடம் மிச்சம்.
பையன் மணியைக் கையில் வைத்துக்கொண்டு
எப்போது அடிப்பதென்று தெரியாமல் நின்றான்.

பொறியாளர் வரைபடத்துக்குத் திரும்பினார்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
ஒரு நீலக்கோடு, தூண் எண்களுக்கு அடியில் நுழைந்து
அந்தப் பக்கம் வரவில்லை.

'வெச்சிருக்கே' உட்பட அப்படியே தட்டியிருந்தேன்.
மாலையில் திருத்தச் சொன்னார்கள்:
'வடிகால் குறித்துப் பொதுவான ஐயம்.'
பக்கத்துக் கட்டத்தில் பதில் காத்திருந்தது:
'உரிய அளவில் சிறுபாலங்கள் அமைக்கப்படும்.'
பொருந்தத்தான் செய்தது.
எதற்கும் பொருந்தும்படி எழுதியிருந்தார்கள்.

ஏழரைக்கு ஷேர் ஆட்டோ. அதே சந்திப்பு.
நாற்பது நிமிடமாக முன்னால் ஒரு கன்டெய்னரின் பின்கதவு.
டியூஷன் முடிந்து மகன் தெருவிளக்கடியில் நிற்பான்,
மிஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்.
அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால்
ஆதரவு என்று இரண்டு கையாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எங்கள் பீரோவில், மூன்றாம் தட்டுக்கு மேலே,
ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது.
வருகிறவர்கள் யாரும் என்ன கோடென்று கேட்பதில்லை.
அவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

மடியில்தானே இருக்கிறது என்று திறந்தேன்.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.
எண் இருபத்தேழு. ஐயத்தை எடுத்துவிட்டு
அவள் கேள்வியை அவள் வாயால் திரும்ப வைத்தேன்.
நான்காம் கட்டத்தில் இருந்ததை அழித்தேன்.
வெள்ளையாக ஒரு சதுரம்.
காலைக்குள் யாராவது பார்த்து நிரப்புவார்கள்,
என் எண்ணூறும் போகலாம்.

கன்டெய்னர் ஓரடி நகர்ந்தது.
மூடப்போனபோது திரை கேட்டது,
மாற்றங்களைச் சேமிக்கவா என்று.
பின்னால் ஹாரன்.