இரண்டு கைச்சுற்று

சாட்ஸ்வொர்த்தில் சமதரை கிடையாது.
எங்கள் வாசலும் சரிவுதான்.
பின்சக்கரங்களுக்கு இரண்டு செங்கல்,
எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி.
ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்குக் கரண்ட் போகும்.

தண்ணீர் பம்பில் ஆரம்பித்தது.
ஒரு வாரமாகத் தரையில்
நாணயம் அளவுக்கு இளஞ்சிவப்பு ஈரம்,
காய்ந்தால் உப்புப் பொருக்கு.
பம்பைத் தொட பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.
பெல்ட்டு புதுசு என்றேன் கடைக்காரரிடம்,
மூன்று வருஷம்தான் ஆகிறது,
ரசீதுகூட டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது.
என் சீருடையைப் பார்த்து
"எதுக்கும் வாங்கிட்டுப் போங்க சிஸ்டர்" என்றார்.

மேல்மூடியின் கடைசிக் கிளிப் தெறித்தது.
உள்ளே
தொழிற்சாலையில் அச்சடித்த வெள்ளை எழுத்து,
பாதி தேய்ந்து, இன்னும் படிக்கும்படி.
முதுகெல்லாம் குறுக்கு வெடிப்பு.
ஓரத்தில் நூல். மூன்று பல் அரை பல்.
கார் பிறந்த அன்று போட்ட பெல்ட்.
ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்.

ரசீதை எடுத்துப் பார்த்தேன்.
ஏழின் நடுவே குறுக்குக் கோடு.
தயாளன் அப்படித்தான் ஏழு போடுவான்.

இதயம் என்று சொல்லப் போவதில்லை.
இதயம் நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்,
வார்டில் வாரத்துக்கு இரண்டாவது நிற்கும்.
இது அறுந்தால்
வால்வு இறங்கி நிற்கும், பிஸ்டன் ஏறி வரும்,
அவ்வளவுதான்.
இதை நம்பித்தான்
விடிகாலைப் பனியில் மாரிட்ஸ்பர்க் மேட்டில்
லாரிகளைத் தாண்டியிருக்கிறேன்,
பின்சீட்டில் திருஷா வாய் பிளந்து தூங்க.

அது என்ன மாதம்?
திருஷாவின் பல்லுக்குக் கம்பி கட்டிய மாதம்.
போனஸ் வந்தது என்றான்.
வந்தும் இருக்கலாம்.
அடுத்த மாதம் செகுண்டாவுக்கு வேலைக்குப் போனவன்
அங்கேயே தங்கிவிட்டான். அது வேறு கணக்கு.

எண்ணெய்க் கையோடு படம் எடுத்து அனுப்பினேன்.
ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.
இரண்டு நீலக் குறி.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.

திருஷாவின் சிவப்பு நகப்பூச்சால்
இரண்டு பல்சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன்.
பழைய பம்பு முனகிக்கொண்டே கழன்றது.
அதன் விசிறி வெறும் பிளாஸ்டிக்,
விரல் பட்டதும் தண்டில் சும்மா சுழன்றது.
அதுவும் எத்தனை நாளாய் நடித்ததோ.

கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே "ஆ".
சாலமன் சுவருக்கு மேலே டார்ச்சை நீட்டினார்,
முறுக்கம் அளக்கும் ஸ்பேனரையும்.
ஸ்பேனர் இன்றைக்கே திரும்பி வரணுமாம்.
திருஷா ஒரு கையில் வெளிச்சம் பிடித்தாள்,
மறுகையில் என் போன்.
"அப்பா எழுதியிருக்காரு."
"என்னவாம்?"
"வாட்டர் பம்ப்பையும் சேத்தே மாத்திரணுமாம்."

சிரித்துவிட்டேன். முழங்கை பட்டு ஒரு போல்ட்
சரிவில் உருண்டு கேட் வரை போயிற்று.
அவளும் சிரித்துக்கொண்டே துரத்தினாள்,
வரிசையான பல் இருட்டிலும் தெரிய.

சாவி போடுவதற்கு முன்
கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.
எங்காவது மோதினால் கை சொல்லிவிடும்,
அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.
முதல் சுற்று.
கனமாக, எதிலும் இடிக்காமல்.
இரண்டாவதில் பாதி வந்ததும்
"அம்மா, டார்ச்சில சார்ஜ் இல்ல" என்றாள்.
இரு என்றேன்.
சிவப்புப் புள்ளி இன்னும் கீழேதான் இருந்தது.
மேலே வந்துகொண்டிருந்தது.