திருத்தம்

கறுப்புப் பட்டை போடுவது என் வேலை.
குழந்தை என்றால் கண்மேல் போடு,
பெயரை மாற்று,
மாற்றிய பெயருக்கு ஒரு நட்சத்திரக் குறி,
கீழே பொடி எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது.'
லா பாஸில், கேபிள் வண்டிகள் தலைக்கு மேல் போகிற தெருவில்,
இரண்டாம் மாடியில்
பதினோரு வருடமாகச் செய்கிறேன்.
கை தானாகவே போகும்.

மற்ற நாட்களில் குழந்தைகள் ஏழாம் பக்கம்,
பஸ் கவிழ்ந்ததற்கும் சுரங்கம் சரிந்ததற்கும் நடுவே,
பெரும்பாலும் எண்ணிக்கையாக.
நவம்பர் இருபது மட்டும்
நடுப்பக்கம் முழுக்க, வண்ணத்தில்.
இந்த வருடப் படம்:
சதுக்கத்தில் மண்டியிட்டு ஷூ பாலிஷ் போடும் பையன்.
முகம் மறைய கம்பளி முகமூடி.
அங்கே எல்லோரும் அப்படித்தான்;
வகுப்பில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது.
வெளியே இருந்தவை இரண்டு கண்கள்.

கண்மேல் பட்டை போட்டேன்.

அச்சான பிறகுதான் பார்த்தேன்.
ஒரு பெட்டி, ஒரு துணி,
யாரோ கனவானின் பழுப்புக் காலணி.
படத்தில் முகம் என்று இருந்தது
காலணிக்கு மட்டும்.
நன்றாகப் பளபளத்தது.

மூன்றாம் நாள் அவனே வந்துவிட்டான்.
முகமூடியைக் கழற்றாமல் மேலே விடமாட்டேன் என்றான் காவலாளி,
கழற்றமாட்டேன் என்றான் அவன்,
நான் படியிறங்கிப் போனேன்.
பெட்டிக்குள் எட்டாக மடித்த நடுப்பக்கம்.
விரித்து, பாலிஷ் ஏறிய நகத்தால் வரிவரியாகத் தொட்டான்:

'பதினொன்று இல்லை, பதின்மூன்று.
அநாதை இல்லை; அம்மா எல் ஆல்டோவில் உருளைக்கிழங்கு விற்கிறாள்,
பக்கத்துக் கடைக்காரி இதை அவளுக்கு வாசித்துக் காட்டினாள்.
நீங்கள் வைத்த பேர், அமதேயோ,
எங்கள் சதுக்கத்தில் நிஜமாகவே ஒருவனுக்கு இருக்கிறது.
பாவம், அவனைத்தான் இப்போது எல்லோரும் அநாதை என்கிறார்கள்.
கனவுகளைத் தொலைத்தவன் என்று போட்டிருக்கிறீர்கள்.
தொலைந்தது பிரஷ்.
நகராட்சிக்காரர்கள் ஒன்பது பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்,
ரசீது கேட்டால் அடி.
உங்கள் நிருபரிடம் அதைத்தானே சொன்னேன்?
முழுக்க எழுதிக்கொண்டாரே!'

கடைசியாகப் பட்டையைத் தொட்டான்.
'முகமூடி நான் போட்டுக்கொண்டது.
இது?'

மேலே போய்ச் சொன்னேன்.
ஆசிரியர் ஃபவுஸ்தினோ கெட்டவர் இல்லை,
அவருக்கும் அன்று பக்கம் முடிக்க நேரமாகிவிட்டது.
'திருத்தம் போடலாம். பதினான்காம் பக்கம்,
காலமானோர் அறிவிப்புக்குக் கீழே, இரண்டு வரி.'

இரண்டு வரிக்கு எத்தனை வார்த்தை, என்றான் கீழே பையன்.
இருபது, என்றேன்.
விரல் விட்டு எண்ணினான்:
ஒன்பது பெட்டி, செவ்வாய்க்கிழமை, தேவாலய மூலை,
தூக்கிப்போன வண்டியின் எண்.
'அடங்கும். மிச்சம்கூட இருக்கும்.'

மறுபடி ஏறினேன்.
'அது திருத்தம் இல்லையம்மா, செய்தி,' என்றார் ஃபவுஸ்தினோ.
'செய்தி என்றால் நிருபர் போக வேண்டும்.'
போனாரே, என்று சொல்ல வாய் வந்தது.
சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது:
'இருபதாம் தேதி இதழில் பதினொரு வயது என்றிருந்ததைப்
பதின்மூன்று என்று திருத்தி வாசிக்கவும். வருந்துகிறோம்.'

பிறகு ஒரு நாள் வேண்டுமென்றே அந்தச் சதுக்கத்தின் வழியாக நடந்தேன்.
ஆறேழு முகமூடிகள்.
கண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.
படிக்கட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் நகத்தை.
பட்டை போடுமுன்
ஒரு நொடியாவது அந்தக் கண்களைப் பார்த்திருப்பேன் அல்லவா,
பார்க்காமல் எப்படி அளவெடுத்தேன்?

ஆறேழு ஜோடிக் கண்களும்
என் காலணியைப் பார்த்தன.