மலைப்பிரிவு, மூன்றாம் காலாண்டு

குஞ்சப்பனை சோதனைச்சாவடியில்
பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று
குனிந்து பார்க்கிறார் காவலர்.
ஒரு காலத்தில் அவர் பார்வை நுழைய இடமிருக்காது.
பின்சீட்டிலிருந்து கூரைவரை
மானிட்டர், கேபினெட், யுபிஎஸ்;
பிரிண்டரை மடியில் ஏந்தியபடி
பீளமேட்டுப் பையன் ஒருவன் கூட வருவான்.
இன்று பின்சீட்டில் என் ஸ்வெட்டர் மட்டும்
காலாட்டிக்கொண்டு வருகிறது.

மொத்தச் சரக்கும் சட்டைப்பையில்:
எஸ்எஸ்டி பதினொன்று, ராம் ஆறு.
குனிந்தால் விழுந்துவிடும்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
பெள்ளிராஜ் கடை. ஷட்டர் பாதி.
வாசலில் மழைக்கு ஒதுங்கிய கேரட் மூட்டைகள்.
வாங்க என்பதற்கு முன்பே
'இந்த மாசமும் மெஷின் வேண்டாம்' என்கிறார்.
ஷோகேஸில் போன தீபாவளிக்கு வைத்த லேப்டாப்;
சீட்டில் மூன்று விலை அடித்து
நான்காவதைப் பென்சிலால் எழுதியிருக்கிறார்.

மேசைமேல் திறந்து கிடக்கிறது
ஒரு தேயிலை ஃபாக்டரியின் கணக்குப் பெட்டி.
பதினான்கு வயது.
விசிறி இறக்கைகளில் படிந்த தூளை
அவர் ஊதினால் கடையே மணக்கிறது.
பழைய டிஸ்கைப் பிடுங்கிப் போட்டு
என் பையிலிருந்து ஒன்றை வாங்கிச் செருகுகிறார்.
முன்பெல்லாம் கணக்காளர் பெர்னதெத்
சுவிட்சைப் போட்டுவிட்டு
டீ குடித்து, கிளாஸ் கழுவி,
ஒரு அருள் நிறைந்த மரியேயும் சொல்லி முடிப்பாராம்.
இப்போது பதினோரு நொடி.
'டீக்கு நேரமில்லாமப் பண்ணிட்டீங்க' என்கிறார்,
சிரிக்காமல்.

'கவாத்துங்க' என்கிறார் பெள்ளிராஜ்.
ஒன்றரை ஏக்கர் தேயிலைக்காரர்.
'செடி சடைச்சுப்போனா பிடுங்கியா எறியுறோம்?
முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டா
அது பாட்டுக்குத் துளிர்க்குது.
எங்க செடியெல்லாம் எனக்கு மூத்தது.'
அவருக்கு அறுநூறு ரூபாய்.
எனக்கு நூற்றிப்பத்து.
இனி ஐந்து வருஷத்துக்கு
அந்த ஃபாக்டரிப் படி ஏற
எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நோய் வந்த வருஷத்தைக் கேட்கக்கூடாது.
அரவேணுவில் ஒரே வீட்டுக்கு மூன்று லேப்டாப்.
தண்ணீர்த்தொட்டிமேல் ஏறிப் பிள்ளைகள்
சிக்னல் பிடித்துப் பாடம் படித்தார்கள்.
எனக்கு வெள்ளிக்காசு கொடுத்தார்கள்,
பாங்காக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள்.
வளர்ச்சி என்றுதான் நினைத்தோம்.
நாலு வருஷத்துச் சோற்றை
ஒரே பந்தியில் பரிமாறிவிட்டது
அடுத்த பந்திக்கு இலை போட்டபோதுதான் தெரிந்தது.

டவர் எட்டுகிற வளைவில் போன்.
ரீஜனல் மேனேஜர் குலசேகர்:
'மலை ஏரியாவ உனக்குக் குடுத்தா
கிராஃப் மட்டும் ஏன்யா சமவெளியா கிடக்கு?'
இதையே இரண்டு மீட்டிங்கில் சொல்லிச் சிரிப்பு வாங்கியவர்.
'செயற்கை அறிவு வச்ச மெஷின் வருது. தள்ளு.'
பெர்னதெத்துக்கு வேண்டியது
பச்சை இலை எத்தனை கிலோ,
ஈரத்துக்கு எவ்வளவு கழிவு,
சனிக்கிழமைப் பட்டுவாடா.
இதற்கு எவ்வளவு அறிவு போதும் என்று
நான் கேட்கவில்லை.
'ரிப்போர்ட்டை இப்பவே அனுப்பு.'
வண்டியை ஓரங்கட்டி லேப்டாப்பைத் திறக்கிறேன்.
கம்பெனி கொடுத்து ஒன்பது வருஷம்.
கீல் போய், ரப்பர் பேண்டில் நிற்கிறது திரை.
மாற்றித் தரச்சொல்லி எழுதியதற்கு
'ஓடுதில்ல?' என்று ஒற்றை வரி பதில்.
ஓடுகிறது.
போன மாசம்தான் நானே கழற்றி
நானே ஒன்று போட்டேன்.

இறக்கம். பனி.
உள்கண்ணாடியைத் துடைத்துத் திருப்புகிறேன்.
பதினெட்டு வருஷம் அதில் பார்த்ததெல்லாம்
அட்டையில் அச்சடித்த உடைந்த கிண்ணமும்
மேல்நோக்கிய இரண்டு அம்புகளும்தான்.
இன்று அதில் சாலை இருக்கிறது.
பின்னால் ஒரு கேரட் லாரி
ஹாரன் அடிக்காமல்
விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
எவ்வளவு நேரமாக வழி கேட்டு வருகிறதோ.

ஒதுங்கி நிற்கிறேன்.