பிடங்குப் பக்கம்

போர்வையால் சுற்றிப் பின் சீற்றில் கிடத்தி
பெல்ற்றும் பூட்டிக் கொண்டுவந்திருந்தான் ரோவன் ஹாரிகன்.
"அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்தது" என்றான்.
லித்கோவில் யூலை மாதம்.
கடைக்குள்ளேயே மூச்சு வெள்ளையாய்த் தெரிந்தது.

குழல்வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
மகசினைக் கழற்றினேன்.
போல்ற்றைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து
ரவை படுக்கும் பொந்துக்குள் சின்னிவிரலை விட்டுப் பார்த்தேன்.
கண்ணை நம்பக்கூடாது, இது கடையின் சட்டம்.
குளிர்ந்த வெறும் இரும்பு.
அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காலை வணக்கம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் துவக்கு.
துருக்கியிலிருந்து வந்த சொல்லாம், படித்தவர்கள் சொல்கிறார்கள்.
எனக்கென்னவோ
யாரோ யாரையோ பார்த்து
'ம், துவக்கு' என்று ஏவியதுபோலவேதான் கேட்கிறது, இன்றைக்கும்.

கழுத்து வளையத்தில் ஒரு முடி, அதன் கீழ் இந்த ஊரின் பெயர்,
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு.
கோச்வுட் மரம். மெத்தென்ற சாதி.
அதனால் உதை விழுகிற இடத்தில்
நகமளவு செம்புத் தகடுகள் இரண்டு பதித்திருக்கிறார்கள்.
மரத்தில் டென்னிஸ் மட்டை செய்தவர்களின் முத்திரை.
உடம்பில் ஓர் இலக்கம், போல்ற்றில் வேறோர் இலக்கம்:
எந்தக் கூடாரத்தில், எந்த மழையில்
யாருடையதோடு மாறிப்போனதோ.

பிடங்கின் பித்தளைத் தட்டில் ஒரு குட்டிக் கதவு.
திறந்து கவிழ்த்தேன்.
காய்ந்துபோன எண்ணெய்க் குப்பி.
நுனியில் குண்டு கட்டிய கயிறு.
கயிற்றின் மறுநுனியில், முடிச்சுக்குள், பூப்போட்ட துணித்துண்டு.

ரோவன் அதை வாங்கி விரித்தான்.
"எங்கள் குசினி யன்னல் சீலை" என்றான்.
பிறகு, "அப்பாவின் துவக்கு என்றுதான் நினைத்திருந்தேன்."

டெல்மா. பத்தொன்பது வயதில்
மேட்டுக்கு மேலே அந்தத் தொழிற்சாலையில் வேலை.
ஒவ்வொரு குழலாய் வெளிச்சத்துக்கு நீட்டி
உள்ளே விழும் நிழல்கோடு நேரா, வளைவா
என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.
நாள் முழுக்க.
கலியாணப் படத்தில்கூட ஒரு கண் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்குமாம்.

நானும் ஒருமுறை உள்ளே பார்த்திருக்கிறேன்,
மற்றப் பக்கத்தால்.

ஓமந்தை றோட்டு. இரட்டைப் பின்னல். சைக்கிளால் இறங்கச் சொன்னான்.
இதே தட்டை மூக்கு, இதே இரண்டு காது.
பிடித்திருந்தவனுக்கு மீசை முளைக்கவில்லை,
எனக்கு நடுங்கியதைவிட அவனுக்கு நடுங்கியது.
சின்னிவிரல்கூட நுழையாத வாய்தான்.
ஆனால் எங்கள் ஏழாம் வகுப்பு முழுவதும்
வாங்கு மேசையோடு அதற்குள் விழுந்துவிடும்போல இருந்தது.

"யாரையாவது கொன்றிருக்குமா?"
ரோவன் போர்வையை மடித்துக்கொண்டே கேட்டான்.

லைற்றைப் பிடித்துப் பார்த்தேன்.
ஐந்து வரிகள் இடதுபக்கம் முறுகி ஓடுகின்றன.
நடுவில் கொஞ்சம் கறள்.
சுட்டபின் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால்
உப்பு இந்நேரம் தின்று முடித்திருக்கும்;
கழுவியிருக்கிறார்கள்.
அவ்வளவுதான் தெரிகிறது.
முயலோ, கங்காருவோ, மனிதரோ,
இரும்பு வரவு வைப்பதில்லை.

படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.
வகை. இலக்கம். நீளம்.
நிலைமை: நல்லது.
எழுதும்போது பேனை ஒருமுறை நின்று பிறகு ஓடியது.

பூட்டி வைக்குமுன் சுருளைத் தளர்த்த வேண்டும்.
போல்ற்றை முன்னுக்குத் தள்ளி இறக்கினேன்,
வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல, நல்ல வேலைப்பாடு.
பிடங்கு தோளில் வந்து பொருந்தியது.
பொருந்தியதுதான் பிடிக்கவில்லை.
"கொஞ்சம் பக்கமாய் நில்" என்றேன்.
விசை.
டிக்.

அந்தச் சுவரில் மான்கொம்பு மாட்டலாமா என்று கேட்டுப் பார்த்தார் முதலாளி கெல்.
பிறகு ஒரு கலண்டராவது என்றார்.
ஆறு வருடமாய் நான் விடவில்லை.
வெறும் வெள்ளைச் சுவர்,
ஓர் ஆணிகூட இல்லை.